மூஞ்சி போட்டாச்சா?

1

போன வாரம் என் கைப்பேசி எனக்கு ஒரு வாழ்த்து அனுப்பியது. ‘வாழ்த்துகள், வள்ளியம்மை. ஓராண்டாக எங்களோடு அமைதியாக இருக்கிறீர்கள்’ என்று. கூடவே ஒரு தாமரைப்பூ விரிந்து விரிந்து மூடியது. அந்த நேரத்தில் நான் ஈப்போவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில், செல்லாமல் போன டோக்கன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாரைத் திட்டலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கிற சிவப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். கூடம் நிறையக் கூட்டம். என் எண் வர இன்னும் நேரமாகும் என்று தோன்றியது. சரியாக அப்போது கைப்பேசியில் ‘மூச்சுப் பயிற்சி நேரம்’ என்று மணி அடித்தது. காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். இழு, நிறுத்து, விடு. ஓர் ஆண்பிள்ளைக் குரல், கடல் அலைச் சத்தத்தோடு, என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனது. திரும்பி வந்து கண்ணைத் திறந்தபோது என் எண் வந்து, கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, போய்விட்டிருந்தது.

பக்கத்து நாற்காலி மலாய்க்காரம்மாவிடம், ஒரு தட்டுத் தட்டி எழுப்பியிருக்கலாமே என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். நீங்கள் சாமி கும்பிடுகிறீர்கள் என்று நினைத்தேன், கும்பிடுகிறவர்களைத் தொந்தரவு செய்யலாமா என்றார் அவர், ரொம்பப் பணிவாக. அவரை எப்படித் திட்டுவது? புது டோக்கன் எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். அப்போதுதான் தாமரை விரிந்தது.

இதை ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதக் காரணம் என் அண்ணன். போன முறை தேவகோட்டைக்கு வந்தபோது சாப்பாட்டுப் பந்தியில் வைத்து, “மலேசியாவுல மூச்சு விடுறதுக்குக்கூட ஃபோன்ல சொல்லிக் குடுக்கணுமாமே” என்று ஆரம்பித்தவர், பாயசம் வரும்வரை விடவில்லை. சுற்றியிருந்த சொந்தமெல்லாம் சிரித்தது. எனக்கு அப்போது பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

2

நான் வேலை செய்வது ஈப்போவை அடுத்த செமோர் பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில். டாக்டர்கள் போடுகிற ரப்பர் கையுறை. அதில் ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டுப் பார்க்கிற பிரிவுக்கு நான் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு நூல் மில்லின் சோதனைக் கூடத்தில் இருந்தேன். அங்கே இழை அறுகிறதா என்று பார்த்தேன், இங்கே விரல் ஒழுகுகிறதா என்று பார்க்கிறேன். பெரிய முன்னேற்றம்தான்.

அந்த மில்லிலும் மன உளைச்சல் இருந்தது. அதற்கு அந்தப் பெயர் இல்லை, அவ்வளவுதான். மேனேஜர் கத்துவார். கத்தி முடித்ததும் நாங்கள் கேண்டீனுக்குப் போவோம். சரசு என்று ஒருத்தி, அவர் மாதிரியே வேட்டியைத் தூக்கிக் கட்டுகிற பாவனையில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, அவர் குரலிலேயே எங்களைத் திட்டுவாள். டீ புரையேறும்வரை சிரிப்போம். வடையைத் தின்றுவிட்டு வேலைக்குத் திரும்புவோம். எந்தக் கடற்கரைக்கும் போனதில்லை.

இங்கே அப்படி இல்லை. போன வருஷம் ஒரு பெண் வேலை செய்த இடத்திலேயே மயங்கி விழுந்தாள். அடுத்தடுத்து சிலர் வேலையை விட்டுப் போனார்கள். ஆட்களைக் கூட்டலாமா, வரிசையின் வேகத்தைக் குறைக்கலாமா என்று கோலாலம்பூர் தலைமையகம் யோசித்திருக்கும் போல. யோசித்து, ஒரு செயலியை வாங்கி எல்லார் கைப்பேசியிலும் போட்டுவிட்டது. அறிமுக விழாவுக்கு, உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்த கறிபாப்பும், தே தாரேக் என்கிற நுரை பொங்க ஆற்றிய டீயும் கொடுத்தார்கள். கறிபாப் நன்றாக இருந்தது.

அதன் பெயர் மலாயில் ஏதோ அமைதி என்று வரும். எங்கள் பெண்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. தினமும் வேலை தொடங்குமுன் அது ஐந்து முகங்களைக் காட்டி, இன்று எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற முகத்தில் ஆரம்பித்து, கண்ணீர் கொட்டுகிற முகத்தில் முடியும். ஒன்றை அமுக்க வேண்டும். அதனால் அதற்கு எங்கள் பிரிவில் ‘மூஞ்சி’ என்று பெயர். இந்த ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் “பசியாறியாச்சா?” என்றுதான் கேட்பார்கள். சாப்பிட்டாயா என்று அர்த்தம். நான் வந்த புதிதில், என் பசி ஆறியதைப் பற்றி இந்த ஊருக்கே இவ்வளவு கவலையா என்று நெகிழ்ந்துபோயிருக்கிறேன். செயலி வந்த பிறகு அந்தக் கேள்வி போய், “மூஞ்சி போட்டாச்சா?” என்று ஆனது.

செயலிக்குத் தமிழும் தெரியும். யார் அதற்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்களோ, ‘இன்று உங்களை நீங்களே கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு நாள் சொன்னது. ‘புதிய காற்றை அனுபவியுங்கள்’ என்று இன்னொரு நாள். ரப்பர் பாலில் கலக்கிற அம்மோனியா மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்தபோது.

3

எங்கள் பிரிவில் பெரும்பாலும் ஈப்போவின் புந்தோங் பகுதியிலிருந்து வருகிற தமிழ்ப் பெண்கள். அவர்களில் மூத்தவர் தனலெட்சுமி அக்கா. தனம் அக்கா என்போம். கோலா கங்சார் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே பால் வெட்டப் போனவர். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றதும் குடும்பத்தோடு புந்தோங்குக்கு வந்து, கடைசியில் இந்தத் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தார். “அன்னிக்கும் ரப்பர், இன்னிக்கும் ரப்பர். சனியன் விட மாட்டேங்குது லா” என்பார்.

கைப்பேசியைச் சோதனைக் கூடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலில் உள்ள பெட்டிகளில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆரம்பித்த சில நாட்களிலேயே தனம் அக்கா ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். எல்லாரும் அங்கியும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டிருக்கும்போது, எல்லார் கைப்பேசியையும் வாங்கி வரிசையாக மேசையில் வைப்பார். ஒவ்வொருத்தியின் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார். அவள் அங்கிருந்தே “ம்” என்பாள். அக்கா பல்லைக் காட்டுகிற முகத்தை ஓர் அமுக்கு அமுக்கிவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்.

அவரவர் மனசை அவரவர்தானே சொல்ல வேண்டும், நீங்கள் எப்படி எல்லாருக்கும் சிரிப்பைப் போடலாம் என்று ஒரு நாள் கேட்டேன். என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“இது பெரட்டு, தங்கச்சி. ஒனக்கு ஊர்ல பெரட்டு கெடையாது, தெரியாது. தோட்டத்துல விடியக்காலைல எல்லாத்தயும் வரிசையா நிக்க வச்சு, கணக்கெழுதுற கிராணி பேர் கூப்புடுவாரு. அந்த நேரத்துல எனக்கு ஒடம்பு சரியில்ல, மனசு சரியில்லன்னு எவளாச்சும் சொல்லுவாளா? சொன்னா அன்னிக்கு வேலயில்ல. பேர் சொன்னாங்கன்னா வந்துட்டேன்னு சொல்லணும். அம்புட்டுதான்.”

அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. மற்றப் பெண்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. பெரட்டில் நின்றே பார்க்காத, அதன் கதையை மட்டும் அம்மாக்களிடம் கேட்டு வளர்ந்த சின்னப் பெண்கள்கூட, பெயர் கூப்பிட்டதும் முதுகை நிமிர்த்திக்கொண்டு “ம்” என்றார்கள்.

அலுவலகக் கணினியில் சிரிக்கிற முகம் பச்சையாகவும் அழுகிற முகம் சிவப்பாகவும் தெரியும். எங்கள் பிரிவு முழுக்கத் தினமும் பச்சையாக இருந்தது. தொழிற்சாலையிலேயே மகிழ்ச்சியான பிரிவு என்று கேடயம் கொடுத்தார்கள். வாங்கியது நான். படம் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அதில் தனம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. படம் எடுக்கிறபோது சிரிக்கணும் என்று யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லையே என்றார்.

4

வீட்டுக்கதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவர். தண்ணீர் வடிகட்டி விற்கிறார். அவருக்கு உளைச்சல் வந்தால் கொல்லையில் போய் நின்று குழாயைத் திறந்து பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். மழைக்காலத்திலும் ஊற்றுவார். செடிகள் அழுகிப்போகின்றன, மனுஷர் நன்றாக இருக்கிறார்.

மகள் காவியா கோலாலம்பூரில் படிக்கிறாள். என் செயலிக்கு வீட்டில் ஆதரவு கொடுக்கிற ஒரே ஆள் அவள்தான். “அம்மா, யூ மஸ்ட் டூ இட் எவ்ரி டே. ஃபீலிங்ஸ உள்ள வச்சுக்கக் கூடாதும்மா” என்று எனக்குச் சொல்லித்தருவாள். நல்லது. அதே பிள்ளைக்கு நான் இரவில் நீளமாக எழுதுவேன். சாப்பிட்டாயா, பரீட்சை எப்படி, அந்த அறைத்தோழியோடு சண்டை தீர்ந்ததா, தீபாவளிக்கு எப்போது வருவாய் என்று. அதற்குப் பதிலாக மஞ்சளாய் ஒரு முகம் வரும். சிரிக்கிற முகம். அவ்வளவுதான் பதில். எந்தக் கேள்விக்கு அந்தச் சிரிப்பு என்று தெரியாமல் நானும் ஒரு முகத்தை அனுப்பிவிட்டுப் படுப்பேன்.

தேவகோட்டையில் என் ஆத்தாளிடம் இப்படி ஒரு பதிலை நான் கொடுத்திருந்தால் செவிட்டில் ஒன்று விழுந்திருக்கும். அது வேறு காலம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். இருக்கட்டும். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

5

இந்த வருஷம் தொழிற்சாலையில் சுழற்சி ஷிஃப்ட் வந்தது. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, எல்லாருக்கும். தனம் அக்கா நேராக என்னிடம் வந்தார்.

அவர் கணவருக்கு ஏற்கெனவே பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. காலையில் அவரைப் பார்த்துக்கொள்வது அக்காவின் நாத்தனார். மாலையில் அந்த அம்மாளுக்கு ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை. அந்நேரம் தனம் அக்கா வீட்டில் இல்லாவிட்டால் அந்த மனிதருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை. சரி, வேலையை விட்டுவிடலாம் என்றால், மருந்துச் செலவுக்குக் கம்பெனியின் மருத்துவ அட்டைதான். காலை ஷிஃப்ட் மட்டும் கிடைத்தால் எல்லாம் ஓடும். கிடைக்காவிட்டால் ஒன்று வேலை போகும், இல்லை வீடு போகும். இதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நான் பரிந்துரை எழுதி மனிதவளப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். அங்கே இருப்பது துர்கா. ஈப்போப் பெண், சின்னவள், நல்லவள். என்னை அக்கா என்று கூப்பிட்டு உட்காரவைத்தாள். கணினியில் எதையோ பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

“அக்கா, இது கஷ்டம் அக்கா. விலக்கு குடுக்குறது கேஎல் ஹெட் ஆபீஸ்ல இருக்குற கமிட்டி. அவங்க மொதல்ல செயலி ரெக்கார்டுதான் பாப்பாங்க. வீட்டுல அவ்வளவு பிரச்சன உள்ளவங்கன்னா எங்கயாச்சும் மஞ்சளோ செவப்போ காட்டணும் லா. இவங்க ஆரம்பத்துலேருந்தே பச்ச. இந்த ஃபேக்டரியிலேயே ரொம்ப சந்தோஷமான ஆளு இவங்கதான்.”

அது பெரட்டு அம்மா, அவர்தான் எல்லாருக்கும் சிரிப்பைப் போட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். துர்கா கதவைப் பார்த்துவிட்டு, அதை மட்டும் வெளியில் சொல்லாதீர்கள் என்றாள். சொன்னால் பொய்ப் பதிவு என்று மொத்தப் பிரிவின் மேலும் நடவடிக்கை வரும், முதலில் தனம் அக்காவைத்தான் அனுப்புவார்கள்.

ஆக, ஒரு மனுஷி வாய் திறந்து எனக்குக் கஷ்டம் என்று சொல்கிறாள். அவள் மேலதிகாரி அதை எழுதியும் கொடுக்கிறாள். நம்புவதற்கு ஆளில்லை. அவள் கைப்பேசியோ அவள் ஆனந்தமாக இருக்கிறாள் என்கிறது. உடனே நம்பிவிடுகிறார்கள். நல்லா இருக்குதே கதை என்று வயிறு எரிந்தது.

6

விஷயம் பெண்களுக்குத் தெரிந்ததும் கேண்டீனில் ஒரே கூச்சல். நாளையிலிருந்து எல்லாரும் அழுகிற மூஞ்சியைப் போடுவோம் என்று முடிவாயிற்று. தனம் அக்காவின் முகம் மட்டும் திடீரென்று மாறினால் சந்தேகம் வரும், மொத்தப் பிரிவும் அழுதால் கமிட்டி இறங்கி வந்துதானே ஆக வேண்டும் என்பது கணக்கு. நான் பொறுப்பாளர், தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. எனக்கும் அழுகிற முகத்தை ஒரு தடவையாவது அமுக்கிப் பார்க்க ஆசையாக இருந்தது.

மறுநாள் காலை பெட்டிகளுக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். வெகுநாளைக்குப் பிறகு அவரவர் கைப்பேசியை அவரவரே எடுத்து, கண்ணீர் கொட்டுகிற முகத்தை அமுக்கினோம். அமுக்கிவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த வருஷத்திலேயே நாங்கள் மனசாரச் சிரித்த காலை அதுதான்.

செயலி பதறிப்போனது. ‘நீங்கள் தனியாக இல்லை’ என்று எல்லாருக்கும் ஒரே சமயத்தில் சொன்னது. துர்காவுக்குத் தலைமையகத்திலிருந்து போன் மேல் போன். என்னைக் கூப்பிட்டு, ஒரே இரவில் உங்கள் பிரிவை இப்படி ஆக்க என்ன செய்தீர்கள் என்று விளக்கம் கேட்டார்கள். அடுத்த சில நாட்களில் கோலாலம்பூரிலிருந்து இனிமையான குரலுள்ள ஒரு அதிகாரி காடியில் வந்து இறங்கினார். இங்கே காரைக் காடி என்பார்கள். அவர் கொண்டுவந்த படத்தில் எங்கள் பிரிவு முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரே ஒரு பச்சை.

தனம் அக்கா.

யாருக்காக நாங்கள் எல்லாரும் அழுதோமோ, அவர் பல்லைக் காட்டுகிற முகத்தை அமுக்கியிருக்கிறார். அன்று மட்டும் இல்லை, அதற்குப் பிறகும் தினமும். எனக்கு வந்த கோபத்தில் அவரை மூலைக்கு இழுத்துப்போய், ஏன் அக்கா இப்படிக் கெடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“கை வர மாட்டேங்குது, தங்கச்சி” என்றார். “பெரட்டுல நின்னு அழுததில்ல நான். எங்கம்மா செத்த மறுவாரம்கூட நிமுந்துதான் நின்னேன். இவனுங்களுக்குப் போயி ஏன் காட்டணும்?”

அதிகாரிக்கு இது எதுவும் தெரியாது. இத்தனை கொந்தளிப்புக்கு நடுவில் அசையாமல் நிற்கிற அந்த ஒற்றைப் பச்சையைப் பார்த்து அவர் உருகிவிட்டார். இப்படிப்பட்டவர்தான் நமக்குத் தேவை என்றார். தனம் அக்காவை ‘மன நலத் தூதுவர்’ ஆக்கினார். தினமும் காலையில் கேண்டீனில் மைக் பிடித்து எல்லாருக்கும் மூச்சுப் பயிற்சி நடத்த வேண்டும். அதனால் அவருக்கு நிரந்தரமாகக் காலை ஷிஃப்ட்.

கஷ்டம் என்று கேட்டபோது கிடைக்காதது, கஷ்டமே இல்லை என்றதும் கிடைத்துவிட்டது. துர்கா என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டுக்கு வண்டி ஓட்டிப்போகும்போது, சுண்ணாம்பு மலைகளைத் தாண்டும்வரை நான் தனியாகவே சிரித்துக்கொண்டு போனேன். கூடவே ஒரு நிபந்தனை இருந்ததை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூதுவரின் முகம் பச்சையாகவே இருக்க வேண்டும். மாறினால் பதவி வேறு ஆளுக்கு, ஷிஃப்ட் பழையபடி.

7

தனம் அக்கா இப்போதும் காலை ஷிஃப்டில்தான் இருக்கிறார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பதற வேண்டாம். தூதுவர் பதவி இல்லை. துர்கா தலைமையகத்துக்கு நேரில் போய், பெரட்டு முதல் எல்லாவற்றையும் சொல்லி, திட்டும் வாங்கிக்கொண்டு, அவருக்கு விலக்குக் கடிதம் வாங்கி வந்தாள். கேடயத்தைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். அக்காவின் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டார். பேச்சு முன்னைவிடக் குழறுகிறது, ஆனால் ஆளை அடையாளம் தெரிகிறது. துர்காவுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு காலையில் கேண்டீனில் நடந்ததிலிருந்துதான்.

அன்று அக்கா வழக்கம்போல வந்தார். வழக்கம்போல முகத்தை அமுக்கினார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முந்தின இரவு கணவருக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததையோ, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நாத்தனாரை உட்காரவைத்துவிட்டு அவர் நேராக இங்கே வந்திருந்ததையோ அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பச்சை போகும். பச்சை போனால் காலை ஷிஃப்ட் போகும். கணவர் வீட்டுக்குத் திரும்பி வந்தால் சாயங்காலத்தில் யார் பார்த்துக்கொள்வது?

கேண்டீனில் எல்லாரும் நின்றோம். எங்கள் பெண்கள், மலாய்ப் பெண்கள், பின்வரிசையில் துர்கா. அக்கா மைக்கைப் பிடித்தார். மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொல்வது அவர் வழக்கம். முதல் சுற்று நன்றாக நடந்தது. இழுக்கச் சொன்னார், இழுத்தோம். விடச் சொன்னார், விட்டோம். இரண்டாவது சுற்றில், “மூச்ச இழுங்க” என்றார். இழுத்தோம். நிறுத்தினோம்.

விடச் சொல்லவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தேன். அக்கா மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தபடி நின்றிருந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் கைப்பேசியில் அலை அடிக்கிற சத்தம் மட்டும் மைக் வழியாக வந்துகொண்டிருந்தது. மேலே விட்டத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நாங்கள் மாரை நிரப்பிக்கொண்டு நின்றோம். எல்லார் கண்ணும் திறந்துவிட்டது, ஆனால் அவர் சொல்லாமல் மூச்சை விட ஒருத்திக்கும் மனம் வரவில்லை.

“எனக்கு முடியல” என்றார் தனம் அக்கா. மெதுவாகத்தான் சொன்னார், மைக் அதைக் கூடம் முழுக்கக் கொண்டுபோனது. “அவருக்கு மறுபடி வந்துருச்சு. நேத்து ராவுலேருந்து ஐசியூல கெடக்காரு. நான் அங்க போகணும். என்னால முடியல.”

துர்கா பின்வரிசையிலிருந்து காடிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அடக்கி வைத்திருந்த மூச்சை நாங்கள் அத்தனை பேரும் அப்போதுதான் விட்டோம்.